பிள்ளையைச் சேர்க்க மறுக்கும் பள்ளி: மற்ற பெற்றோர் எப்படி உதவலாம்?

தக்கலைப் பக்கம் ஆட்டிசம் உள்ள பையனுக்குப் பள்ளியில் இடம் மறுக்கிறார்கள், அதே நிலையிலுள்ள பெற்றோர் நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பையனின் அம்மாவைப் பள்ளிக்குத் தனியாக அனுப்பாதீர்கள். யாராவது கூடப் போங்கள். "இங்கே சரிப்பட்டு வராது" என்று வாயால் சொன்னால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். எழுத்தில் கேட்டாலே பேச்சின் தொனி மாறும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 31 தெளிவானது: 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. குறைபாட்டின் அளவைக் காட்டும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

அப்புறமும் நகரவில்லையா? நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். அந்த அம்மா வரிசையில் நிற்கும்போது பையனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல்தான் பலர் பாதியில் திரும்புகிறார்கள்.