பாயிண்ட் 32-ல் இரண்டு தோட்டா உண்டு: கைத்துப்பாக்கி கேள்வி பதில்

பதில் சொல்பவர் கம்மவான்பேட்டைக்காரர். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

காட்பாடி: லைசென்ஸ் வந்துவிட்டது ஐயா. சேகரிக்கும் ஆசையும் உண்டு. செலவு கட்டுப்படியாகிற மாதிரி முதலில் எதை வாங்கலாம்?

தம்பி, 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பேரில் இரண்டு துப்பாக்கிதான். அலமாரி நிறையச் சேர்க்க முடியாது, பார்த்துப் பார்த்துத்தான் எடுக்கணும். துப்பாக்கிக்கு முன்னால் தோட்டாவைப் பாருங்கள். சாதாரண லைசென்ஸுக்குத் தோதானது பாயிண்ட் 32, அதாவது 0.32 அங்குல அளவு. ஆனால் அதில் இரண்டு வகை. ரிவால்வருக்கு 32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்: தோட்டாவின் பித்தளைக் கூடு 23 மில்லிமீட்டர் நீளம், அடி விளிம்பு நன்றாகத் துருத்தி நிற்கும். அசானி மாதிரிப் பிஸ்டலுக்கு 32 ஏசிபி: கூடு 17 மில்லிமீட்டர், விளிம்பு லேசாகத்தான் தெரியும். இந்தக் குட்டைத் தோட்டா சில ரிவால்வரில் நுழைந்துவிடும். நுழைகிறதே என்று சுடாதீர்கள், அதன் அழுத்தம் கூடுதல்.

என் ஓட்டு ரிவால்வருக்கே. கான்பூர் அரசு ஆலையின் நிர்பீக் ரிவால்வர் அரைக் கிலோ சொச்சம். 2014-ல் வந்தபோதே 1.22 லட்சம். கை மாறிய பழைய கான்பூர் ரிவால்வர் இன்னும் கட்டுப்படியாகும். காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சுத்தியலை இழுத்து, ட்ரிகரை அமுக்கியபடியே மெல்ல இறக்குங்கள். ட்ரிகரை விடாமல் சிலிண்டரை விரலால் ஆட்டுங்கள். துளி அசைவு பரவாயில்லை, லொடலொடத்தால் வேண்டாம். பிறகு மடித்துத் திறந்து, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, குழலுக்குள் பாருங்கள். அம்மைத் தழும்பு மாதிரிக் குழி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கியதைத் தோல் உறையிலேயே போட்டு வைக்காதீர்கள்.

ராணிப்பேட்டை: 9 எம்எம் கிடைக்குமா?

அது தடை செய்யப்பட்ட ‘போர்’ (bore), அதாவது குழல் துளை அளவு. கலெக்டர் தரும் லைசென்ஸில் வராது.

ஆம்பூர்: தோலைக் குறை சொல்கிறீர்களே! முப்பது வருஷமாக இதே தொழில். நல்ல தோல் இரும்பைக் கெடுக்காது.

ஐயா, உங்கள் தோல் காலுக்கும் இடுப்புக்கும் அருமை, நானும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் குரோமில் பதனிட்டதில் உப்பு தங்கும். வியர்வையும் ஐப்பசி ஈரமும் சேர்ந்தால் போதும். ஒரு மழைக்காலம் முழுக்க உறையில் கிடந்த ரிவால்வரை உருவினேன். உறையின் தையல் கோடு குழல் மேல் அப்படியே துருவாகப் பதிந்திருந்தது.

குடியாத்தம்: லைசென்ஸ் கேட்காமல் ஒருவர் மலிவாகத் தருகிறார்.

தொடாதீர்கள். சிறைதான் மிச்சம்.

ஆரணி: விண்ணப்பம் வேலூரிலா?

இல்லை, திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ். வாலாஜாக்காரர்களுக்கு ராணிப்பேட்டை.

வாலாஜா: பழைய 9 எம்எம் பிரவுனிங் என்றால்?

பழசானாலும் 9 எம்எம்தானே. ராணிப்பேட்டைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜவ்வாது மலை: தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி பரணில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லை.

சேகரிப்பு என்று வைத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, ஸ்டேஷனில் ஒப்படையுங்கள்.

திருப்பத்தூர்: 9 எம்எம்…

வேண்டாம் தம்பி, மூன்றாவது முறை.

பேரணாம்பட்டு: ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் குரோமே கிடையாதே?

குரோம் இல்லை, சரி. பட்டையின் துவர்ப்பு புளிப்புத் தன்மை உள்ளது, அதுவும் இரும்பை அரிக்கும். ஒரு புது ஆணியை உங்கள் பட்டைத் தோலில் சுற்றி, கிணற்றடியில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். இன்னொன்றை எண்ணெய் தடவிப் பருத்தித் துணியில் சுற்றிப் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டையும் பிரித்த பிறகு எழுதுங்கள், ஆம்பூர்க்காரரையும் கூட வைத்துக்கொண்டு பேசுவோம்.