தாழம்பற்றையை வெட்டினால் அறக்கொட்டி போகுமா?

வவுனியா மாவட்டத்து நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "ஐயா, சிறு குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் காலபோக (மாரிமழைக் கால) நெல். விதைத்து 65 நாள். வயலின் நடுவில் வட்டம் வட்டமாக மஞ்சளித்துக் காய்கிறது. இரண்டு தரம் மருந்தடித்தும் நிற்கவில்லை. இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கும்படி கடைக்காரர் சொல்கிறார். குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையில் தாழையும் மருதும் பற்றையாக, புதர் மண்டிக் கிடக்கிறது. பூச்சி அங்கிருந்துதான் வருகிறது என்கிறார்கள். டோசர் விட்டுத் துப்புரவாக்கினால் அரை ஏக்கரும் கூடும். செய்யலாமா?"

தம்பி, வட்டமாகக் காய்வதைப் பார்த்தால் அறக்கொட்டி, அதாவது நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சுகிற தத்துப்பூச்சி, போலத்தான் தெரிகிறது. காய்ந்த வட்டத்தின் ஓரத்தில், பச்சை நிற்கிற இடத்தில், பயிரை விரித்து அடித்தண்டைத் தட்டிப் பாருங்கள். கபில நிறத்தில் தத்தித் தத்தித் தண்ணீரில் விழுந்தால் அதுதான். தண்ணீரை மூன்று நான்கு நாளுக்கு வடித்துவிடுங்கள், நிலம் வெடிக்க விடாதீர்கள். மிச்ச யூரியாவைப் போடாதீர்கள். பயிரை இடையிடையே விலக்கி, காற்றும் வெயிலும் அடிவரை போக வழிவிடுங்கள். அப்புறமும் பெருகினால், விவசாயப் போதனாசிரியரை வயலுக்குக் கூட்டிவந்து காட்டி, அவர் சொல்கிற ஒரே மருந்தை வட்டத்தைச் சுற்றி அடித்தண்டில் மட்டும் படும்படி அடியுங்கள்.

கலவை மருந்து வேண்டாம். அந்தக் கடைக்காரர் உங்கள் வயலில் இறங்கி ஒரு பயிரையாவது விரித்துப் பார்த்தாரா? பார்க்காமல் மருந்து சொல்பவரிடம் போத்தல் வாங்காதீர்கள். அறக்கொட்டி முட்டையை இலையுறைக்குள் செருகி இடும். மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. தொடுவது சிலந்தியைத்தான். வயலில் ஓடித் திரிகிற ஓநாய்ச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். முட்டைப்பையைப் பின்னால் ஒட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேலாலேயே ஓடும், குஞ்சு பொரித்ததும் அத்தனையையும் முதுகில் சுமக்கும். அறக்கொட்டியைப் பிடித்துத் தின்கிற முதல் ஆள் அதுதான். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பொரிக்கும்போது தின்ன ஆளில்லாத வயலாக அதை நீங்களே ஆக்கிவைத்திருக்கிறீர்கள். இந்தோனேசியா இதே அடி வாங்கித்தான் 1986-இல் நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிமருந்துகளை ஒரேயடியாகத் தடை செய்தது.

சரி, பற்றைக்கு வருவோம். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்தத் துண்டை முன்னோர் ஏன் வெட்டாமல் விட்டார்கள்? சோம்பலால் அல்ல. குளக்கட்டால் கசிகிற தண்ணீர் உப்பையும் சேர்த்துக்கொண்டு வரும். மருது, இலுப்பை, தாழை வேர்கள் அதை வழியில் மறித்து உறிஞ்சுகின்றன. சிங்களக் கிராமங்களில் இந்தத் துண்டுக்குக் கட்டக்கடுவ என்று தனிப் பெயரே உண்டு. குளத்துக்கு மேலே மரவேலி, அதற்குக் கீழே மண்ணை வடிக்கிற புல்தரை, பிறகு குளம், கட்டு, இந்தப் பற்றை, கடைசியில் வயல். ஒரு குளத்து வயலின் வடிநீர் அடுத்த குளத்துக்கு. இப்படி அடுக்கடுக்காக அமைந்த இலங்கையின் உலர்வலயக் குளங்களைத்தான் ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு 2017-இல் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றது. அதை வகுத்தவர்கள் மனிதர் வயிற்றை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. குருவிக்கென்று வயலில் ஒரு துண்டை விட்ட ஊர்களும் உண்டு. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கிற மாதங்களில் சிலந்தியும் தவளையும் எங்கே போய் இருக்கும்? அந்தப் பற்றையில்தான். மழை விழுந்து நீங்கள் விதைத்ததும் அங்கிருந்துதான் இறங்கி வரும்.

பற்றையை எடுத்தால் அரை ஏக்கர் கூடாது தம்பி. சில போகத்தில் கட்டடி வயலில் உவர் பூக்கத் தொடங்கும், பிறகு இருக்கிற வயலும் குறையும். அது குளத்து ஒதுக்குக் காணியா, அதாவது குளத்துக்கென்றே ஒதுக்கிய நிலமா, என்பதையும் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். ஒதுக்கென்றால் கைவைக்க உங்களுக்கு உரிமையும் இல்லை.

இன்னொன்று. வரம்பை மண்வெட்டியால் மொட்டையாகச் செதுக்குகிற பழக்கத்தை விடுங்கள். எலி வளை தெரிகிற அளவுக்குப் புல்லைக் கட்டையாக அரிந்தால் போதும், அடிப்புல் நிற்கட்டும். பறவை இருக்க வயலுக்குள் நாலைந்து தடி நடுங்கள்.

டோசர்காரருக்கு இன்றைக்கே வரவேண்டாமென்று சொல்லுங்கள். தண்ணீர் வடித்து நாலாம் நாள் அதே வட்டத்தின் ஓரத்தில் தண்டைத் தட்டி, எத்தனை அறக்கொட்டி, எத்தனை சிலந்தி என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.