குஞ்சு செட்டுக்கு மூன்று ஜோன் சூடு: தெர்மோஸ்டாட் வயரிங் கேள்வி பதில்

பொங்கலூர் பக்கம் ஐயாயிரம் குஞ்சு விடும் கறிக்கோழி செட் வைத்திருக்கிறேன். செட் போடுவதற்கு முன்பிருந்தே வயரிங்தான் தொழில், இன்றைக்கும் அதுதான். புரூடிங்குக்கு (சின்னக் குஞ்சுக்குச் சூடு கொடுத்து வளர்ப்பது) தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்துத் தானே போட்டு அணைக்கும் கருவி) மாட்டுவது பற்றி ஒரு வாரமாக வந்த கேள்விகளுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். கம்பியில் கை வைக்கும் முன் மெயினை இறக்கிவிடுங்கள். டெஸ்டரை மட்டும் நம்பாமல் மீட்டர் வைத்தும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காமநாயக்கன்பாளையத்திலிருந்து: அண்ணா, எஸ்.டி.சி. 1000 என்ற தெர்மோஸ்டாட் கன்ட்ரோலர் மாட்டினேன். டிகிரி காட்டுகிறது, ஹீட் விளக்கும் எரிகிறது. ஆனால் 5, 6 முனைகளில் கரன்ட்டே வரவில்லை. பீஸ் போயிருச்சுங்களா?

கெட்டுப்போகவில்லை தம்பி. அதில் 1, 2 சப்ளைக்கு. 3, 4 சென்சாருக்கு. 5, 6 ஹீட்டருக்கு. 7, 8 கூலருக்கு. 5-க்கும் 6-க்கும் நடுவில் இருப்பது வெறும் சுவிட்ச். சுவரில் இருக்கும் சுவிட்சைப் போலத்தான், நாம் ஒரு பக்கம் ஃபேஸ் கொடுத்தால்தான் மறுபக்கம் வரும். ஃபேஸை 5-இல் கொடுத்து, 6-இலிருந்து கான்டாக்டரின் (பல்பின் சுமையைத் தூக்கும் காந்த சுவிட்ச்) ஏ1-க்குக் கொண்டுபோங்கள். ஏ2-க்கு நியூட்ரல். இவை இரண்டும் அந்தச் சுவிட்சை இழுக்கும் காயிலின் முனைகள்.

வைஃபை தெர்மோஸ்டாட்களில் எல்லாம் இப்படி இருக்காது. சிலவற்றில் சப்ளை ஃபேஸையே உள்ளுக்குள் அவுட்புட்டோடு இணைத்திருப்பார்கள். தெரியாமல் தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு ஃபேஸும் அவுட்புட் பக்கம் வேறு ஃபேஸும் கொடுத்தால், கரன்ட் விட்டதுமோ, ரிலே (உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச்) மூடிய நொடியிலோ இரண்டு ஃபேஸும் முட்டிக்கொள்ளும். நம் செட்டுகளில் ஜோனுக்கு (தனியாகச் சூடு கொடுக்கப் பிரித்த பகுதி) ஒரு ஃபேஸ் பிரித்து விடுவது வழக்கம் என்பதால் இது நடக்கக்கூடிய ஆபத்துதான். மாட்டும் முன் கரன்ட் இல்லாமல், சப்ளை முனைக்கும் அவுட்புட்டின் காமன் முனைக்கும் நடுவே மீட்டரில் கன்டினியூட்டி பாருங்கள். சத்தம் வந்தால் உள்ளே இணைப்பு இருக்கிறது.

சுல்தான்பேட்டையிலிருந்து: ஒரு ஜோனுக்கு 250 வாட்ஸ் பல்பு நான்கு. மொத்தம் 1000 வாட்ஸ், நாலரை ஆம்பியர்கூட வராது. கன்ட்ரோலர் 10 ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருக்கிறது. பிறகு எதற்கு கான்டாக்டர்?

நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன், குஞ்சைப் பறிகொடுத்தேன். பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் போட்ட கணத்தில் பத்து மடங்குக்கு மேல் கரன்ட் பாயும். நாலரை ஆம்பியர் அந்த ஒரு கணத்துக்கு நாற்பதைத் தாண்டும். கன்ட்ரோலரில் எழுதியிருக்கும் 10 ஆம்பியர் ஹீட்டர் காயில் மாதிரி சுமைக்கானது.

ஒரு தை மாதம், மூன்றாம் நாள் குஞ்சு. 33 வைத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் போனால் நடு ஜோனில் 41 காட்டியது. குஞ்செல்லாம் பல்பை விட்டு விலகி, சுற்றி வைத்த தடுப்புத் தகட்டோரம் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, இறக்கையை விரித்து இரைத்துக்கொண்டிருந்தன. கன்ட்ரோலரில் ஹீட் விளக்கு அணைந்துதான் இருந்தது, பல்பு மட்டும் எரிந்தது. பிரித்துப் பார்த்தால் ரிலேயின் இரண்டு கான்டாக்ட்டும் உருகி ஒட்டியிருந்தன. அன்றைக்கு எடுத்துப் போட்டது இருநூற்றுக்கு மேல். அந்தக் காலையை நான் மறக்கவில்லை.

ஆகவே கன்ட்ரோலர் கட்டளை மட்டும் கொடுக்கட்டும், சுமையை கான்டாக்டர் தூக்கட்டும். கான்டாக்டரும் ஒருநாள் ஒட்டலாம். அதற்காக முன்னால் இன்னொரு கான்டாக்டர் போட்டு, அதை 37-இல் வைத்த சாதாரண கேபிலரி தெர்மோஸ்டாட்டில் (குழாய்க்குள் திரவம் விரிந்து சுவிட்சைத் தள்ளும் வகை) ஓட்டுங்கள். பலரும் இந்த கேபிலரியை முதல் கான்டாக்டரின் காயில் லைனிலேயே போடுகிறார்கள். ஒட்டிப்போன கான்டாக்டரின் காயிலை அறுத்து என்ன பயன்? பல்பு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

பல்பு அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் நடுவே விடும் வித்தியாசத்தையும் 0.3 என்று குறுக்கி வைக்காதீர்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு அணைத்துக் கான்டாக்ட்டைத் தின்றுவிடும். 1 டிகிரி போதும்.

குண்டடத்திலிருந்து: பழைய மோட்டார் ஸ்டார்ட்டரில் இருந்த கான்டாக்டரைக் கழற்றி மாட்டினேன். தடதடவென்று அடிக்கிறது, உள்ளே இழுக்கவே மாட்டேன் என்கிறது.

காயிலைப் பாருங்கள், 415 வோல்ட் என்று இருக்கும். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் ஓடிப் பழகியது அது. ஃபேஸும் நியூட்ரலும் கொடுத்தால் 230 வோல்ட்தான் கிடைக்கும், பாதி இழுத்து விட்டுவிடும். சரி, இரண்டு ஃபேஸ் கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த 415-ஐக் கன்ட்ரோலரின் சின்ன ரிலே வழியாகத்தான் அனுப்ப வேண்டியிருக்கும், அது 250 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 230 வோல்ட் காயில் தனியாகவே கிடைக்கும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தாராபுரத்திலிருந்து: சென்சார் ஒயரை 20 மீட்டர் நீட்டினால் அளவு தப்புமா?

எந்த சென்சார் என்பதைப் பொறுத்தது. எஸ்.டி.சி. வகையில் வருவது என்.டி.சி. (சூடு ஏற ஏற மின்தடை குறையும் சென்சார்), 25 டிகிரியில் 10,000 ஓம். 20 மீட்டருக்கு 0.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் போனால் போகவும் வரவும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை ஓம்தான் வரும். பத்தாயிரத்தில் அது ஒன்றுமே இல்லை, தைரியமாக நீட்டுங்கள்.

பி.டி. 100 (பிளாட்டினம் சென்சார்) என்றால் கதை வேறு. அதில் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாறும். அதே ஒன்றரை ஓம் ஏறக்குறைய நான்கு டிகிரி கூட்டிக் காட்டிவிடும். திரையில் 33, குஞ்சுக்குக் கிடைப்பது 29. அதற்குத்தான் மூன்று ஒயர் பி.டி. 100 இருக்கிறது, மூன்றையும் கன்ட்ரோலர் வரைக்கும் கொண்டுபோய்க் கட்டுங்கள். எந்த சென்சாரானாலும் அதன் ஒயரை பல்பு லைனோடு ஒரே பைப்பில் விட வேண்டாம், அளவு ஆடும். முடிச்சுப் போட்ட இடத்தை ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு மூடுங்கள், எருவின் அமோனியா செம்பைப் பச்சையாக்கிவிடும்.

உடுமலையிலிருந்து: மூன்று ஜோன் பிரித்துவிட்டேன் அண்ணா. மூன்றிலும் 33 காட்டுகிறது. மேற்குப் பக்கத்துக் குஞ்சு மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிகிறது. கன்ட்ரோலரை மாற்றட்டுமா?

மாற்ற வேண்டாம், சென்சாரை இறக்குங்கள். எத்தனையோ செட்டில் பார்த்துவிட்டேன், படிப்பதற்கு வசதியாக ஆள் உயரத்தில் தொங்கும். சூடு மேலே ஏறும், குஞ்சு இருப்பதோ தரையில் பரப்பிய மஞ்சியின் மேல் நான்கு விரற்கடை உயரத்தில். சென்சார் குண்டு குஞ்சின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும். பல்புக்கு நேர் கீழேயும் வேண்டாம், தகட்டை ஒட்டியும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் தொங்கட்டும். குஞ்சு வளர வளர உயர்த்திக்கொண்டே வாருங்கள்.

உங்கள் ஊருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக மேற்குப் பக்கத்தில்தான் அடிக்கும். படுதாவின் அடி தரையில் படிந்திருக்கிறதா பாருங்கள். அந்த ஜோனுக்கு மற்றதைவிட ஒரு பல்பு கூடுதலாக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வாட்ஸ் என்ற கணக்கு அங்கே ஒத்துவராது. மூன்று ஜோனுக்கும் ஒரே சென்சார் வைத்து ஓட்டுகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்: நடுவில் இருக்கும் சென்சாருக்கு மேற்கில் அடிக்கும் காற்று தெரியாது.

முதல் நாள் 33, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 27 என்று இறக்கலாம். ஆனால் கடைசிச் சொல் குஞ்சினுடையது. கையில் எடுத்து அதன் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் திரையில் எத்தனை காட்டினாலும் குஞ்சுக்குச் சூடு போதவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து: வைஃபை போய்விட்டால் பல்பு என்ன ஆகும்?

டிகிரியைக் கணக்குப் பார்ப்பது கருவிக்குள்ளேயே நடக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் ரவுட்டரை அணைத்துவிட்டு வைத்த டிகிரியைத் தாண்டும்வரை சென்சாரைக் கையில் பிடித்துச் சூடாக்குங்கள். ரிலே தானாக விட்டால் நல்லது. விடவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காங்கேயத்திலிருந்து: நாங்கள் கேஸ் புரூடர்ங்க. சாலினாய்டு வால்வு (கரன்ட்டில் திறந்து மூடும் வால்வு) போட்டு இதே கன்ட்ரோலரில் ஓட்டலாமா?

வேண்டாம் அம்மணி. வால்வு திரும்பத் திறக்கும்போது நெருப்பு பற்றவில்லை என்றால் கேஸ் செட்டுக்குள் நிறைந்துவிடும். தானே பற்றவைத்து, நெருப்பு இல்லையென்றால் கேஸை மூடும் பாதுகாப்போடு வரும் புரூடரைத்தான் தெர்மோஸ்டாட்டில் ஓட்டலாம். அதையும் கேஸ் வேலை தெரிந்தவரை வைத்தே இணையுங்கள்.

குடிமங்கலத்திலிருந்து: ராத்திரி கரன்ட் போனால் தெரிவதற்கு வழி உண்டா?

உண்டு, செலவும் குறைவு. 230 வோல்ட் காயில் ரிலே ஒன்றை பல்பு போகும் ஃபேஸில் போட்டுவிடுங்கள். கரன்ட் இருக்கும்வரை அது இழுத்துப் பிடித்திருக்கும். அதன் என்.சி. முனை (ரிலே விட்டிருக்கும்போது இணைந்திருக்கும் முனை) வழியாக 12 வோல்ட் பேட்டரியையும் சைரனையும் இணையுங்கள். கரன்ட் போனதும் ரிலே விடும், சைரன் அடிக்கும். மூன்று ஃபேஸில் ஜோன் பிரித்திருந்தால் மூன்று ரிலே வேண்டும், நம் பக்கம் ஒரு ஃபேஸ் மட்டும் போவது சாதாரணம். சைரனை செட்டில் மாட்டாமல் நீங்கள் படுக்கும் திண்ணைப் பக்கம் மாட்டுங்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் குஞ்சு இறக்குவதற்கு முந்தின நாள் மெயினை இறக்கி அது அடிக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.