ஸ்டீயரிங் விட்டுவிட்டு இறுகுகிறது, எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் பம்பை வீட்டிலேயே சரிசெய்யலாமா?

முதலில் உங்கள் காரில் பம்பே இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் பெரும்பாலான கார்களில் மோட்டார் நேராக ஸ்டீயரிங்குக்கே உதவுகிறது. ஆயிலும் கிடையாது, பம்பும் கிடையாது. முதல் தலைமுறை மாஸ்டா 3 போன்றவற்றில்தான் மின்மோட்டார் ஒரு ஹைட்ராலிக் பம்பைச் சுழற்றும். ஸ்டீயரிங் ஆயில் டப்பா இருந்து, பம்புக்கு பெல்ட் போகவில்லை என்றால் அந்த வகை.

விட்டுவிட்டு இறுகினால் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த் வயரைத்தான். இந்த மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும்; போல்ட்டடியில் கொஞ்சம் துரு பூத்தாலே தடுமாறும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மறுமுனையை பம்புக்கு வரும் எர்த்திலும் வைத்து, எஞ்சின் ஓடும்போது ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தொட்டால் கோளாறு அந்த வழியில்தான். உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள், செலவே இல்லை.

அப்புறம் ஆயில். நுரைத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது; 'ஊங்' சத்தமும் அதனால் வரலாம். முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்), எஞ்சினை அணைத்தபடி ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் இருபது முறையாவது மெதுவாகத் திருப்புங்கள். குறைந்தால் கார் கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல் காலியாகலாம்.

இதற்கும் சரிவராவிட்டால் பம்பைப் பிரிக்க இறங்காதீர்கள். பலவற்றில் கண்ட்ரோல் போர்டையும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். நானும் ஒருமுறை பிரித்தேன். மூடி சுலபமாகத் திறந்தது, திரும்பக் கசியாமல் மூடத்தான் முடியவில்லை. பழைய பம்பு வாங்கினால் பார்ட் நம்பரைக் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டு வாங்குங்கள்.