பி.எஸ்சி. வேதியியல் முடிக்கும் மகளுக்கு பிளாஸ்டிக் துறை சரிவருமா?

வணக்கம் அம்மா. கெமிஸ்ட்ரி படித்த பெண் பிளாஸ்டிக் கம்பெனியில் போய் என்ன செய்வாள் என்று கேட்டிருந்தீர்கள். குடம், வாளி வார்க்கும் மெஷின் முன்னால் நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்குமோ என்பதுதான் உங்கள் கவலை. நான் அவளுக்குச் சொன்னது காம்பவுண்டிங் வேலை, அதாவது பிளாஸ்டிக்கோடு நார், தூள், ரசாயனம் எல்லாம் சரியான அளவில் கலந்து தேவையான குணத்தைக் கொண்டுவருவது. அது முழுக்க வேதியியல்.

கார் இன்ஜினைச் சுற்றியிருக்கும் பாகங்கள் பலவற்றில் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கோடு கண்ணாடி நார் கலந்திருக்கும். இரண்டுக்கும் இயல்பிலேயே ஒட்டாது. அப்படியே கலந்து வார்த்து, உடைத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நார்கள் துடைத்துவிட்டதுபோல் உருவிக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே அவை இருந்த துளைகள் தெரியும். மாலிக் அன்ஹைட்ரைடு என்ற ரசாயனத்தை இணைத்த பாலிப்ரொப்பிலீனை நூற்றுக்கு ஓரிரு பங்கு சேர்த்து மெஷினில் ஓட்டினால் நிலைமையே மாறிவிடும். அதன் நீண்ட சங்கிலி பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும். அன்ஹைட்ரைடு பகுதி, நார்மேல் பூசியிருக்கும் அமினோ சிலேன் என்ற பூச்சோடு வினைபுரியும். இப்போது உடைத்தால் நார்மேல் பிளாஸ்டிக் அப்பிக்கொண்டிருக்கும். இழுவிசை வலிமையும் நன்றாக ஏறும்.

இந்த இணைப்புப் பொருளை எவ்வளவு போடுவது என்பதில்தான் திறமை. அளவு மிஞ்சினால் செலவு கூடும், வலிமை இறங்கவும் செய்யும். பிளாஸ்டிக்கில் கலக்கும் நார், தூள் போன்றவற்றை ஃபில்லர் என்பார்கள்; ஃபில்லருக்கு ஃபில்லர் கதையும் வேறு. கால்சியம் கார்பனேட்டுக்கு ஸ்டியரிக் அமிலம் பூசுவது தூள் கட்டிபடாமல் பரவத்தான். பிளாஸ்டிக்கோடு பிடிப்பு அதனால் வராது. இதைப் பிரித்துப் பார்க்க கெமிஸ்ட்ரி தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் மகள் அதற்குப் பொருத்தமானவள் என்று நான் மனதார நம்புகிறேன்.

படிப்புக்கு சிப்பெட் (CIPET) என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது. 1968-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், தலைமையகம் சென்னை கிண்டியில். பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு பிளாஸ்டிக் பிராசசிங், டெஸ்டிங்கில் இரண்டு வருட முதுநிலை டிப்ளமோ உண்டு. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். எந்தெந்த மையத்தில் இருக்கிறது என்பதை இந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஷிப்ட் இருக்கும், பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் எக்ஸ்ட்ரூடர் மெஷின் பக்கம் சூடு, தூள் கொட்டும் இடத்தில் தூசி. சம்பளம் ஐ.டி. மாதிரி எடுத்த எடுப்பில் வராது. அதனால் சேருவதற்கு முன் நீங்கள் இருவரும் மையத்துக்கு நேரில் போங்கள். ட்வின் ஸ்க்ரூ (இரட்டைத் திருகு) எக்ஸ்ட்ரூடரை மாணவர்களே ஓட்டுகிறார்களா, போன பேட்ச் பெண்கள் லேபில் சேர்ந்தார்களா, புரொடக்‌ஷனிலா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதிலைக் கேட்டுக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள்; விண்ணப்பத்தை அப்புறம் நிரப்பலாம்.