மாமாவின் கேலியும் மூங்கில் கோலும்
ஆடுகளம்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: என் மகன் கும்பகோணத்தில் கல்லூரி முதலாண்டு படிக்கிறான். பள்ளியில் 400 மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவன். இப்போது ஓட்டம், தாண்டுதல், எறிதல் எனப் பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லானில் சேர்த்திருக்கிறார்கள். “ஒன்றிலும் தேறாதவனைத்தான் பத்திலும் இறக்கிவிடுவார்கள்” என்று அவன் மாமா கேலி செய்கிறார். அப்படியா ஐயா?
– ஒரு தாய், வலங்கைமான்

பதில்: மாமாவிடம் ஆஷ்டன் ஈட்டனைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் பையன். பள்ளியில் அவருக்கும் கைவந்தவை இதே இரண்டுதான். கல்லூரி உதவித்தொகைக்கு வழியாகும் என்று பயிற்சியாளர் டெகாத்லானைச் சொன்னபோது, அது என்ன போட்டி என்றே அவருக்குத் தெரியாது. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 2008, 2009, 2010 என மூன்று ஆண்டுகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான டெகாத்லான் பட்டத்தை வேறு யாருக்கும் விடவில்லை. 2012-இல் அதே பல்கலைக்கழக மைதானத்தில், மழைக்கு நடுவே, 9039 புள்ளிகள் எடுத்து உலக சாதனை. அடுத்து லண்டனிலும் ரியோவிலும் ஒலிம்பிக் தங்கம். இடையில், 2015-இல் பெய்ஜிங்கில் தன் சாதனையைத் தானே 9045 ஆக உயர்த்தினார். 28 வயதில், போதும் என்று ஓய்வு பெற்றுவிட்டார்.

நம்மவர் வேண்டுமென்றால் தேஜஸ்வின் சங்கர், டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது 2018, 2022 இரண்டு முறையும் உயரம் தாண்டுதலில் கல்லூரிகளுக்கான சாம்பியன் பட்டம் வென்றவர். 2023-இல் ஹாங்ஸௌ ஆசிய விளையாட்டில் டெகாத்லானில் இறங்கி 7666 புள்ளிகளுடன் வெள்ளி. இவரா ஒன்றிலும் தேறாதவர்?

இந்தப் போட்டியில் பக்கத்தில் ஓடுகிறவனை முந்துவது முக்கியமில்லை. எத்தனை விநாடி, எத்தனை மீட்டர் என்று பார்த்து அட்டவணைப்படி புள்ளி போடுவார்கள். நான்காவதாக வந்தாலும் நேரம் நன்றாக இருந்தால் புள்ளி உண்டு. பொல்லாதது கோலூன்றித் தாண்டுதல்தான். தொடங்கும் உயரத்தை மூன்று முயற்சியிலும் தாண்டாவிட்டால் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தை வாங்கியவன் நான். எழுபதுகளின் கடைசியில் நான் படித்த கல்லூரியில் கோல் என்றால் கொள்ளிடக்கரை மூங்கில். விழுவதற்கு மணல்குழியில் சம்பா வைக்கோல். ஏழு போட்டிகள் முடிந்தபோது இரண்டாமிடத்தில் இருந்தேன். எட்டாவதில் மூங்கில் பிளந்தது. முழங்கால் சிராய்ப்பைவிட முதுகில் வைக்கோல் அரித்ததுதான் இன்னும் நினைவிருக்கிறது! அப்புறமும் ஈட்டி எறிந்து, 1500 மீட்டர் ஓடி முடித்துத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நம் பக்கத்து மைதானங்கள் நடவு வயல்தான். அதற்குள், விழுவதற்கு நல்ல மெத்தை போட்ட இடமாகப் பார்த்துத் தம்பியைப் பழக விடுங்கள். கோலை உடல் எடைக்கு ஏற்றபடிதான் தேர்ந்தெடுக்க வேண்டும்; சீனியர் விட்டுப்போனதைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. தம்பியின் எடை என்ன? கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லையே.