பதில்: தாப்பாவில் நின்றுபோன பினாங்கு சைக்கிள் பயணம்

வணக்கம் தம்பி. கோலாலம்பூரிலிருந்து ஒரே நாளில் பினாங்கு போகக் கிளம்பி, தாப்பாவில் முட்டி வலியும் குமட்டலுமாக நின்றுவிட்டேன், அடுத்த மாதம் மறுபடி முயலலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். நானும் அதே ஆசையோடு கிளம்பி ஈப்போவில் நின்றவன். அன்று பட்ட ஏமாற்றம் எனக்குத் தெரியும்.

முதலில் முட்டி. வலி முன்பக்கம் என்றால் பெரும்பாலும் இருக்கை தாழ்வாக இருக்கும். பின்பக்கம் என்றால் உயரமாக இருக்கும். ஒரேயடியாக மாற்றாமல் சில மில்லிமீட்டர் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். கனமான கியரை அழுத்தி மிதிக்காமல், லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். வீக்கம் இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், பயணம் அப்புறம்.

வெறும் தண்ணீர்தான் குடித்தேன் என்கிறீர்கள். குமட்டலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். நம் வெயிலில் வியர்வையோடு உப்பும் போய்விடும். தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறையும். உப்புக் கரைசல் பொட்டலம் நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். பசிக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கொரு தரம் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள்.

மொத்தம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். தஞ்சோங் மாலிம், ஈப்போ, தைப்பிங் என்று தங்கி நான்கு நாளில் போகலாம். விடிந்ததும் கிளம்பி, வெயில் உச்சிக்கு வருமுன் முடிந்தவரை ஓட்டிவிடுங்கள். விரைவு நெடுஞ்சாலையிலும் பினாங்குப் பாலத்திலும் சைக்கிளுக்கு அனுமதியில்லை. பழைய சாலையிலேயே பட்டர்வொர்த் போய், தீவுக்குப் போகும் ஃபெரி படகில் ஏறுங்கள்.